வீட்டுக்குள்ள சைக்கிள் ஓட்ட 10,000 ரூபாய் ஸ்டாண்டு போதுமா, 60,000 ரூபாய்க்கு ஈஎம்ஐ போடலாமா? மூணு வருஷ முழு கணக்கு



சம்பளம் வந்த முதல் வாரத்துல என்ன செய்யணும்னு சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தோம். எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ் பத்திதான் கேள்வி வரும்னு நினைச்சேன். கொஞ்சம் வித்தியாசமா ஒரு கேள்வி வந்தது.

"கடலூர்ல வீடு, சிதம்பரத்துல வேலை. கைக்கு வர்ற சம்பளம் 32,000. ஸ்விஃப்ட் ஆப்ல ஓட்டுறதுக்கு ஸ்மார்ட் ட்ரெய்னர் பார்த்து வெச்சிருக்கேன், 60,000 ரூபாய். 12 மாச நோ காஸ்ட் ஈஎம்ஐ இருக்கு. வாங்கலாமா சார்?"

மாருதி ஸ்விஃப்ட் இல்லைங்க, இது வேற ஸ்விஃப்ட். சைக்கிளை வீட்டுக்குள்ள ஒரு ட்ரெய்னர்ல மாட்டி மிதிக்கணும். நீங்க மிதிக்கிற வேகத்துக்கு ஏத்த மாதிரி லேப்டாப் திரையில இருக்கிற சைக்கிள்காரர் ஓடுவார். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் ஒரே ரோட்டில ஓட்டுவாங்க. ரேஸ் உண்டு, மலையேற்றம் உண்டு.

என் பதில்: ட்ரெய்னர் வாங்கலாம். ஆனா இந்த ட்ரெய்னர், இந்த ஈஎம்ஐ, இந்த மாசம், மூணும் சேர்ந்து வேண்டாம். ஏன்னு கணக்கோட பார்ப்போம். இந்தப் பதிவுக்கு எந்த கம்பெனியும் காசு கொடுக்கல. எந்த மாடலையும் வாங்குங்கன்னு நான் சொல்லப் போறதும் இல்லை.

முதல்ல, இந்த ஆசை நியாயமானதுதான்

"ரோடு இருக்கும்போது ரூமுக்குள்ள எதுக்கு சைக்கிள்?" என்று வீட்டில் கேட்பார்கள். கடலூர், சிதம்பரம் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதற்கு நல்ல பதிலே இருக்கிறது.

இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 45 கிலோமீட்டர். போகிற வழியில் சிப்காட் தொழிற்பேட்டை, லாரிகள், பஸ்கள். காலையில் ரயிலையோ பஸ்ஸையோ பிடித்து, சாயந்திரம் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிட்டால் அதற்கு மேல் இருட்டில் அந்த ரோட்டில் சைக்கிளை இறக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சிதம்பரத்தில் இருந்து பிச்சாவரம் வரை ஓட்டலாம், சுகமான ரைடு. ஆனால் வாரத்தில் ஒரு நாள்தான்.

அப்புறம் சீசன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாசம் கடற்கரை ஊர் புழுக்கத்தோட கத்திரி வெயில். ஆக, வருஷத்தில் ஐந்து மாசம் வெளியே தொடர்ந்து ஓட்டுவது கஷ்டம். இந்த "ஐந்து மாசம்" என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே கணக்கில் இதுதான் முக்கியமான எண்.

வீட்டுக்குள் ஓட்டுவது உண்மையான பயிற்சியா என்றால், ஆமாம். ஆஸ்திரேலியாவின் மேத்யூ ஹேமன் 2016 பிப்ரவரியில் ஒரு பந்தயத்தில் கையை முறித்துக்கொண்டார். ரோட்டில் ஓட்ட முடியாததால் வீட்டு கேரேஜில் ட்ரெய்னரில் இதே ஸ்விஃப்ட் ஆப்பில் ஓட்டிப் பழகினார். ஏப்ரல் 10-ம் தேதி பாரிஸ்–ரூபே பந்தயத்தில் அவர்தான் முதலிடம். சைக்கிள் உலகின் மிகக் கடினமான ஒருநாள் பந்தயங்களில் ஒன்று அது. அவருக்கு உடைந்த கை ஒரு கட்டாயம், நமக்கு மழை.

ட்ரெய்னர்ல மூணு வகை

கடைப் பெயர்களை மறந்துவிடுங்கள். வகையைப் புரிந்துகொண்டால் போதும். கீழே இருக்கிற விலைகள் கணக்கு போடுவதற்காக நான் வைத்துக்கொண்ட உருட்டு எண்கள். வாங்குகிற அன்றைக்கு உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

முதல் வகை, சாதாரண ஸ்டாண்டு. பின் சக்கரத்தை ஒரு இரும்பு ஸ்டாண்டில் பிடித்து, டயரை ஒரு உருளை மேல் அழுத்தி வைப்பார்கள். அந்த உருளைக்குக் காந்தம் அல்லது எண்ணெய் போன்ற திரவம் எதிர்ப்பு கொடுக்கும். காந்த வகையில் லீவரைத் தள்ளி நாமே கடினத்தைக் கூட்டலாம். திரவ வகையில் வேகமாக மிதிக்க மிதிக்க தானாகவே கடினமாகும். ஆப் இதைக் கட்டுப்படுத்தாது. திரையில் மலை வந்தாலும் காலுக்குத் தெரியாது. கணக்குக்கு 10,000 ரூபாய்.

இரண்டாம் வகை, டயர் அழுத்தும் ஸ்மார்ட் ட்ரெய்னர். அமைப்பு அதேதான். ஆனால் எவ்வளவு வாட் சக்தி போடுகிறீர்கள் என்பதை அதுவே ஆப்புக்குச் சொல்லும். ஆப் மலையைக் காட்டினால் எதிர்ப்பைக் கூட்டும். கணக்குக்கு 30,000 ரூபாய்.

மூன்றாம் வகை, டைரக்ட் டிரைவ். பின் சக்கரத்தையே கழற்றிவிட்டு, சைக்கிள் செயினை நேராக ட்ரெய்னரில் இருக்கும் கியர் பல்சக்கரத்தில் மாட்டுவது. சத்தம் குறைவு, டயர் தேயாது, வழுக்காது, அளவு துல்லியம். கணக்குக்கு 60,000 ரூபாய்.

உங்க சைக்கிள் அதுல உட்காருமா?

பணத்துக்கு முன்னாடி இதைப் பாருங்க. நிறைய பேர் ட்ரெய்னர் வந்து இறங்கின பிறகுதான் இதைப் பார்க்கிறாங்க.

உங்களிடம் இருப்பது கேரியர், பெரிய ஸ்டாண்டு எல்லாம் வைத்த சாதாரண சைக்கிளா? அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன்னில் கொடுத்த சைக்கிள் மாதிரி? அதில் பின் சக்கரத்தை நட்டு போட்டு முறுக்கியிருப்பார்கள். பெரும்பாலான ட்ரெய்னர்கள் கையால் திருகிக் கழற்றும் குயிக் ரிலீஸ் அச்சுக்காகச் செய்யப்பட்டவை. நட்டு போட்ட அச்சுக்குத் தனி அடாப்டர் வேண்டும். ஸ்டாண்டு கம்பியும் கேரியர் கம்பியும் பிடிமானத்தை மறிக்கும். கியர் இல்லாத சைக்கிளாக இருந்தால் சாதாரண ஸ்டாண்டில் ஓட்டலாம், ஆனால் ஏற்ற இறக்கம் காட்ட வழியில்லை. டைரக்ட் டிரைவ் வகைக்கு அது பொதுவாகப் பொருந்தாது.

எம்டிபி சைக்கிள் வைத்திருக்கிறீர்களா? முரட்டுப் பல் வைத்த டயர் உருளை மேல் ஓடினால் வீடே அதிரும். கீழ் வீட்டுக்காரர் காலை ஐந்தரைக்கு வந்து கதவைத் தட்டுவார். பின்னால் மட்டும் வழுவழுப்பான டயர் மாற்ற வேண்டும். அதற்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடியில் விரிக்க தடிமனான ரப்பர் மேட், 1,000.

டைரக்ட் டிரைவ் என்றால், பின் சக்கரத்தில் எத்தனை கியர் பல்சக்கரம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பல மாடல்களில் அந்த கேசட்டைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். அதற்கு 3,000 ரூபாய்.

சிம்பிளான வழி: ட்ரெய்னர் மாடலின் படத்தை போனில் எடுத்துக்கொண்டு, உங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், வழக்கமான சைக்கிள் கடைக்காரரிடம் காட்டுங்கள். "அண்ணே, என் பின் வீல் இதுல உட்காருமா?" ஐந்து நிமிட வேலை.

ஆப் என்ன கேட்குது?

ஆப்புக்கு நீங்கள் எவ்வளவு சக்தி போடுகிறீர்கள் என்று தெரிய வேண்டும். ஸ்மார்ட் ட்ரெய்னர் அதை அளந்து சொல்லும். சாதாரண ஸ்டாண்டு சொல்லாது. அதற்குப் பின் சக்கரத்தில் ஒரு ஸ்பீடு சென்சார் மாட்ட வேண்டும், 2,500 ரூபாய் என்று வைப்போம். இந்த ஸ்டாண்டில் சக்கரம் இந்த வேகத்தில் சுற்றினால் இத்தனை வாட் இருக்கும் என்று ஆப் ஊகித்துக்கொள்ளும். உங்கள் ஸ்டாண்டு ஆப்பின் பட்டியலில் இருந்தால் ஊகம் ஓரளவு நெருக்கமாக இருக்கும். பெயரில்லாத ஸ்டாண்டு என்றால் குத்துமதிப்புதான். டயரில் காற்று குறைந்தாலே எண் மாறும்.

ஸ்விஃப்ட் இந்த ஸ்பீடு சென்சார் ஊகத்தை ஏற்றுக்கொள்ளும். எல்லா ஆப்பும் அப்படியில்லை. ஸ்மார்ட் ட்ரெய்னரோ பவர் மீட்டரோ இருந்தால்தான் சரியாக வேலை செய்யும் ஆப்களும் உண்டு. எனவே ஸ்டாண்டு வாங்கும் முன்பே ஆப்பை இறக்கிப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில், போனில் அது ஓடுகிறதா, எந்தக் கருவிகளை ஏற்கிறது என்று பார்க்கக் காசு ஆகாது.

சென்சாரோ ட்ரெய்னரோ வாங்கும்போது ப்ளூடூத் என்ற வார்த்தையைத் தேடுங்கள்; ஸ்மார்ட் ட்ரெய்னர் என்றால் எஃப்டிஎம்எஸ் என்பதையும். ஆன்ட் ப்ளஸ் மட்டும் இருக்கிற சென்சார் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் பெரும்பாலான போன்களில் அது நேரடியாகச் சேராது. எஃப்டிஎம்எஸ் என்பது பல ஆப்களும் புரிந்துகொள்கிற பொது மொழி. இது ஏன் முக்கியம்? ஆர்ஜிடி என்று ஒரு ஆப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2023 அக்டோபரோடு மூடிவிட்டார்கள். ஆப் போகலாம், வரலாம். உங்கள் ட்ரெய்னர் அடுத்த ஆப்போடு பேச வேண்டும்.

சப்ஸ்கிரிப்ஷன்: யாரும் கூட்டிப் பார்க்காத செலவு

2015-ல் ஸ்விஃப்ட் கட்டணம் வாங்க ஆரம்பித்தபோது மாசம் 9.99 டாலர். 2017-ல் 14.99 ஆனது. 2024-ல் 19.99. பத்து வருஷத்துக்குள் இரட்டிப்பு. உங்கள் சம்பளம் ரூபாயில் வருகிறது, இந்தச் செலவு டாலரில் போகிறது. டாலர் ஏறினால் கட்டணம் கூட்டாமலே கட்டணம் கூடும்.

ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 19.99 டாலர் என்பது 1,799 ரூபாய். கிரெடிட் கார்டில் வெளிநாட்டு கரன்சிக்கு 3.5% மார்க்அப், அந்த மார்க்அப் மேல் 18% ஜிஎஸ்டி. மொத்தம் சுமார் 1,875. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 18% ஐஜிஎஸ்டியும் உண்டு. அது விலைக்குள் அடங்கியதா, மேலே சேருமா என்று பணம் கட்டும் பக்கத்தில் பாருங்கள். மேலே சேர்ந்தால் 2,100-ஐத் தாண்டும். நாம் 1,875 என்றே வைப்போம்.

12 மாசத்துக்கு 22,500. மூணு வருஷத்துக்கு 67,500.

திரும்பப் பாருங்க. 60,000 ரூபாய் ட்ரெய்னர் வாங்கலாமான்னு ஒரு மாசமா யோசிக்கிறோம். அதை விட அதிகமான ஒரு தொகைக்கு, "ஃப்ரீ ட்ரையல்" பட்டனைத் தட்டி, ரெண்டு நிமிஷத்துல சம்மதம் கொடுத்துடறோம்.

வருஷ சந்தா 199.99 டாலர். இதே கணக்கில் சுமார் 18,750 ரூபாய். அதாவது பத்து மாசக் கட்டணம். பத்து மாசத்துக்கு மேல் ஓட்டினால்தான் வருஷ சந்தா லாபம். கடலூரில் நமக்கு வேண்டியது ஐந்து மாசம். ஆகவே மாசச் சந்தா போடுங்கள். ஜனவரியில் வானம் வெளுத்ததும் நிறுத்துங்கள், ஏப்ரலில் திரும்ப ஆரம்பியுங்கள். ஐந்து மாசத்துக்கு 9,375 மட்டும்.

ஆர்பிஐ விதிப்படி 15,000 ரூபாய் வரையிலான ஆட்டோபேவுக்கு முதல் பதிவின்போது மட்டும் ஓடிபி கேட்டால் போதும். அதன் பிறகு ஒவ்வொரு மாசமும் ஓடிபி இல்லாமலே பணம் போகும். ஆனால் 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும். அந்த எஸ்எம்எஸ்-ஐத் தள்ளிவிடாதீர்கள். ஓட்டாத மாசத்தை நிறுத்த அதுதான் நேரம்.

இன்னொரு பக்கம் மைவூஷ் என்று ஒரு ஆப். ஐக்கிய அரபு எமிரேட்ஸைச் சேர்ந்தது. உலக சைக்கிள் சம்மேளனமான யுசிஐ தன் இ-ஸ்போர்ட்ஸ் உலகப் போட்டியை 2024-ல் இந்த ஆப்பில்தான் நடத்தியது. இறுதிச்சுற்று அபுதாபியில். ஆப் இலவசம். இலவசம் என்பதால் தரமில்லாதது என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அதேசமயம், இன்று இலவசமாக இருப்பது என்றைக்கும் இலவசமாக இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால்தான் எஃப்டிஎம்எஸ் முக்கியம் என்றேன்.

மூணு வருஷ கணக்கு

இப்ப எல்லாத்தையும் கூட்டலாம். வருஷத்துக்கு ஐந்து மாசம், மாசத்துக்கு 12 நாள். அதாவது வருஷம் 60 ரைடு, மூணு வருஷத்தில் 180 ரைடு.

- சாதாரண ஸ்டாண்டு 10,000, சென்சார் 2,500, டயரும் மேட்டும் 3,000. மொத்தம் 15,500. ஸ்விஃப்ட் சந்தா வருஷம் ஐந்து மாசம் வீதம் மூணு வருஷத்துக்கு 28,125. ஆக 43,625. ஒரு ரைடுக்கு சுமார் 242 ரூபாய்.
- டயர் அழுத்தும் ஸ்மார்ட் ட்ரெய்னர் 30,000, டயரும் மேட்டும் 3,000. இலவச ஆப். ஆக 33,000. ஒரு ரைடுக்கு சுமார் 183 ரூபாய்.
- டைரக்ட் டிரைவ் 60,000, கேசட் 3,000, மேட் 1,000. இலவச ஆப். ஆக 64,000. ஒரு ரைடுக்கு சுமார் 356 ரூபாய்.
- அதே டைரக்ட் டிரைவ், 12 மாசமும் ஸ்விஃப்ட் சந்தா. ஆக 1,31,500. அதே 180 ரைடு என்றால் ஒரு ரைடுக்கு சுமார் 731 ரூபாய்.

கவனிச்சீங்களா? கடையில் மலிவான பொருள் 15,500 ரூபாய் செட். மூணு வருஷத்தில் மலிவானது அது இல்லை, 33,000 ரூபாய் ஸ்மார்ட் ட்ரெய்னர். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் 17,500. மாசம் 1,875 சந்தா கட்டினால் பத்தாவது மாசத்திலேயே அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். நம்ம ஊர் சீசன்படி, இரண்டாவது வருஷ முடிவில்.

பட்ஜெட் ட்ரெய்னர் என்பது விலைச்சீட்டில் குறைவாக இருக்கிற ட்ரெய்னர் இல்லை. மாசாமாசம் உங்களிடம் காசு கேட்காத ட்ரெய்னர்.

இதில் மூணு விதிவிலக்கு உண்டு. ஆப்பே வேண்டாம், போனில் பாட்டு போட்டுக்கொண்டு 40 நிமிஷம் மிதித்தால் போதும் என்பவருக்கு சென்சார் கூட இல்லாமல் 13,000-ல் முடிந்தது. அவருக்கு ஸ்டாண்டுதான் சரி. அடிக்கடி கரண்ட் போகும் தெருவில் இருப்பவருக்கும் காந்த ஸ்டாண்டு ஒரு வசதி, அதற்கு பிளக்கே வேண்டாம். பல ஸ்மார்ட் ட்ரெய்னர்கள் கரண்ட் இல்லாவிட்டால் வேலை செய்யாது. மூன்றாவது, வருஷத்துக்கு 150 ரைடு ஏற்கெனவே ஓட்டிக் காட்டியவர். அவருக்கு டைரக்ட் டிரைவும் இலவச ஆப்பும் சேர்ந்து ஒரு ரைடுக்கு சுமார் 142 ரூபாய்தான். அதிகம் ஓட்டுபவருக்கு விலை அதிகமான கருவி நியாயம். "வாங்கினால் ஓட்டுவேன்" என்பவருக்கு இல்லை.

கரண்ட் பில் பத்தி கேட்பீங்க. ஃபேன், லேப்டாப், ட்ரெய்னர் அடாப்டர் எல்லாம் சேர்த்து 150 வாட் என்று வைத்தாலும், மாசம் 12 மணி நேரத்துக்கு இரண்டு யூனிட் கூட வராது. ஃபேனை மட்டும் மறக்காதீங்க. வெளியே ஓட்டும்போது எதிர்க்காற்று உடம்பைக் குளிர்விக்கும், ரூமுக்குள் அது கிடையாது. கடற்கரை ஊரில் வியர்வை உப்போடு காற்றின் உப்பும் சேரும். ஓட்டி முடித்ததும் ஹேண்டில்பார், போல்ட், செயின் எல்லாம் துடைக்க ஒரு பழைய துண்டு பக்கத்தில் இருக்கட்டும். துரு பிடித்தால் அதுவும் செலவுதான்.

"நோ காஸ்ட்" ஈஎம்ஐ-ல காஸ்ட் எங்கே?

60,000 ரூபாய், 12 மாசம், மாசம் 5,000. வட்டி இல்லை என்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டித் தொகையை விற்பவர் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார். வட்டி 15% என்று வைத்தால், உங்கள் கடன் சுமார் 55,400, வட்டி சுமார் 4,600. அந்த வட்டி மேல் 18% ஜிஎஸ்டி சுமார் 830 ரூபாய் உங்கள் தலையில். அதோடு ப்ராசஸிங் ஃபீஸ், அதற்கும் ஜிஎஸ்டி. முழுப் பணம் கொடுத்தால் கிடைத்திருக்கக்கூடிய கேஷ் டிஸ்கவுண்டும் போச்சு.

சரி, 1,000 ரூபாய்தானே? அது பெரிய பிரச்சினை இல்லை. 32,000 சம்பளத்தில் 5,000 என்பது கிட்டத்தட்ட 16%. அது ஒரு வருஷம் கட்டிப் போடப்படுகிறது. அதுதான் பிரச்சினை. எட்டாவது மாசம் ட்ரெய்னர் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தாலும் ஈஎம்ஐ போய்க்கொண்டிருக்கும்.

இன்னொன்று, "ஹெல்த் செலவுதானே சார், டாக்ஸ்ல கழிக்கலாமா?" என்று கேட்பார்கள். முடியாது. 80டி என்பது மருத்துவ இன்சூரன்ஸ் பிரீமியம், முன்தடுப்புப் பரிசோதனை போன்றவற்றுக்கு. உடற்பயிற்சிக் கருவி அதில் வராது. புதிய வரி முறையில் இருந்தால் 80டி-யே கிடையாது.

கடலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டிய ஒன்று

கேள்வி கேட்ட தம்பிக்கு நான் திருப்பிக் கேட்ட கேள்வி: "எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு இருக்கு?" பதில்: "இனிமேதான் ஆரம்பிக்கணும்."

மாசச் செலவு 22,000 என்று வைத்தால், மூணு மாசத்துக்கு 66,000. டைரக்ட் டிரைவ் செட் 64,000. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகை. ஆக உண்மையான கேள்வி எந்த ட்ரெய்னர் என்பது இல்லை. அந்தப் பணம் முதலில் எங்கே போக வேண்டும் என்பதுதான்.

இதை சென்னைக்காரரிடம் சொன்னால் புத்தக அறிவுரை மாதிரி இருக்கும். கடலூரில் அப்படி இல்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2015-ல் வெள்ளம். 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூருக்குள் தண்ணீர் புகுந்தது. கூரை, பைக் இன்ஜின், ஃபிரிட்ஜ், அம்மாவின் மருந்து, பத்து நாள் வேலைக்குப் போக முடியாத சம்பளப் பிடித்தம், எல்லாம் ஒரே வாரத்தில் வரும். அந்த வாரம் ட்ரெய்னரை யாரிடமும் அவசரத்துக்கு விற்க முடியாது. ஈஎம்ஐ தேதியும் தள்ளிப் போகாது.

ட்ரெய்னர் நமக்கு அதிகம் தேவைப்படுகிற மாசங்களும், கையில் காசு அதிகம் தேவைப்படுகிற மாசங்களும் ஒன்றுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதனால்தான் வரிசை முக்கியம்.

செகண்ட் ஹேண்ட், வெளிநாட்டு மாமா

செகண்ட் ஹேண்டில் ஸ்மார்ட் ட்ரெய்னர் நல்ல விலைக்குக் கிடைக்கும், காரணம் மேலே சொன்ன துணி காயும் கதைதான். நேரில் போய், உங்கள் சைக்கிளை மாட்டி, உங்கள் போனில் ஆப்பை இணைத்து 15 நிமிஷம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். கேட்க வேண்டியவை: ஒரிஜினல் அடாப்டர், ஒரிஜினல் பில், வாரண்டி அடுத்தவருக்கு மாறுமா. காதால் கேட்க வேண்டியது: உள்ளே பேரிங் கரகரப்பு.

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் துபாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு மாமாவோ மச்சானோ இல்லாத குடும்பம் குறைவு. "வரும்போது ஒண்ணு தூக்கிட்டு வாங்க" என்று கேட்கத் தோன்றும். டைரக்ட் டிரைவ் ட்ரெய்னர் பல மாடல்கள் 15 கிலோவுக்கு மேல். அவர் ஒரு வருஷம் கழித்து ஊருக்கு வருகிற லக்கேஜில் பாதி உங்கள் ட்ரெய்னருக்கே போய்விடும். கஸ்டம்ஸ் வரம்பைத் தாண்டினால் வரி உண்டு, அந்தத் தேதியில் இருக்கிற வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, அங்கே வாங்கிய பொருளின் வாரண்டி இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். செல்லாது என்றால், ரிப்பேருக்குத் திரும்பப் போக இன்னொரு மாமா வேண்டும்.

அப்ப என்ன செய்யலாம்?

அந்தத் தம்பிக்கு நான் கொடுத்த திட்டம் இதுதான். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு வாரம், செலவு பூஜ்யம். இருக்கிற சைக்கிளில், வாரம் மூணு நாள், காலையில் அரை மணி நேரம். கடலூர் என்.டி.யில் இருந்தால் சில்வர் பீச் வரை, சிதம்பரத்தில் இருந்தால் வெளிச்சம் வந்த பிறகு அண்ணாமலைநகர் பக்கம். 18 ரைடில் 15-ஆவது ஓட்டினீர்களா? அப்படியென்றால் ட்ரெய்னர் துணி காயப் போடும் ஸ்டாண்டு ஆகாது என்று நம்பலாம்.

அதே நாளில் ஈஎம்ஐ-யாகக் கட்ட இருந்த 5,000-ஐ உங்களுக்கே கட்டுங்கள். 3,500 எமர்ஜென்சி ஃபண்டுக்கு ஒரு ஆர்டி. 1,500 ட்ரெய்னருக்கு இன்னொரு ஆர்டி. ஒரு வருஷத்தில் எமர்ஜென்சி ஃபண்டில் 42,000, ட்ரெய்னர் கணக்கில் 18,000. போனஸோ அரியரோ வந்தால் பாதி அதில், பாதி இதில்.

இந்த வருஷ மழைக்கே ஓட்டியாக வேண்டும் என்றால், உங்கள் சைக்கிளுக்குப் பொருந்துகிற செகண்ட் ஹேண்ட் ஸ்டாண்டு ஒன்றை ரொக்கமாக வாங்குங்கள். ஆப் வேண்டாம், டைமர் போதும். அடுத்த வருஷம் சேர்ந்த பணத்தில் ஸ்மார்ட் ட்ரெய்னர். ஸ்டாண்டை விற்றால் கொஞ்சம் திரும்பவும் வரும்.

சம்பளம் அதிகம், எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசத்துக்கு இருக்கிறது, டேர்ம் இன்சூரன்ஸும் ஹெல்த் இன்சூரன்ஸும் எடுத்தாச்சு, கார்டில் பாக்கி இல்லை. அப்படி இருப்பவர்கள் என்னிடம் கேட்கவே வேண்டாம். பிடித்ததை ரொக்கமாக வாங்கி, சந்தோஷமா ஓட்டுங்க.

மேலே போட்ட கணக்கை ஒரு எக்ஸெல் ஷீட்டா போட்டிருக்கேன், அடுத்த வீடியோவோட சேர்த்துத் தர்றேன். மஞ்சள் கட்டத்தில் நாலு எண் மட்டும் மாத்தினா போதும்: ட்ரெய்னர் விலை, டாலர் விலை, சந்தா மாசம், ரைடு எண்ணிக்கை. அதில் கடைசி எண்ணை மட்டும் ஆசையில போடாதீங்க. ஆறு வாரம் ஓட்டிட்டு வந்து போடுங்க.